ஆற்றின் பெயரைச் சொல்லாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்

டர்பன், ரிச்சர்ட்ஸ் பே, ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "யாரும் கால் வைக்காத காட்டு ஆறு, ஃப்ளை ஃபிஷிங், அனுபவமுள்ள கைடு, தங்குமிடம், சாப்பாடு, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்று ஒரு விளம்பரம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த என் மச்சானோடு அந்தப் பயணத்துக்குப் போனேன். கொடுத்த பணத்துக்கு அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதைவிட மோசம், முதலை இருக்கும் தண்ணீரில் எங்களை இறக்கப் பார்த்தார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நடத்துபவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் மாற்றி வேறு யாரும் இதே வேலையைச் செய்யலாம், ஆகவே பெயரைவிட அவர்கள் செய்யும் விதம் தெரிவது முக்கியம்.

டர்பன் தமிழர்களுக்குக் கடல் மீன்பிடிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரும்புத் தோட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து வலை வீசிய குடும்பங்கள் இங்கே உண்டு. ஷாட் மீனுக்கு எந்த மாதம் தடை, மத்திக் கூட்டம் எப்போது கரை ஒதுங்கும் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஆற்றில் ஃப்ளை, அதாவது இறகு கட்டிய முள், போடுவது நம்மில் பலருக்குப் புதிது. என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது என்பதை இவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ஒரு படம். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் ஒருவர் ஒரு ராட்சத டைகர் மீனைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். மீன் கிட்டத்தட்ட அவர் உயரம். கத்தி கத்தியாகப் பல். எந்த ஆறு என்று போனில் கேட்டேன். "ரகசிய இடம் பிரதர், பெயர் சொன்னால் கூட்டம் வந்துவிடும். ஜோசினியிலிருந்து கொஞ்ச தூரம்" என்றார். தண்ணீர் தெளிவாக இருக்குமா என்றேன். "கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று செய்தியிலேயே எழுதிக் கொடுத்தார். டைகருக்கு ஏற்ற ராட், ரீல், ஃப்ளை எல்லாம் தருவதாகவும், உரிமம் தாங்களே எடுப்பதாகவும் அதே செய்தியில் இருக்கிறது. ஆளுக்கு 9,500 ரேண்ட், முழுத் தொகையும் முன்கூட்டியே. கணக்கு எண் ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு கட்டை விரல் படம்தான் வந்தது. பணம் போய்ச் சேர்ந்த பிறகு நாலு பக்க நிபந்தனைகள் வந்தன. அதில் எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

சொன்ன நேரத்துக்கு ஜோசினி ஊர் பெட்ரோல் பங்கில் போய் நின்றோம். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஒரு பக்கி (பின்னால் திறந்த சின்ன வண்டி) வந்தது. ஓட்டி வந்த இளைஞர்தான் எங்கள் கைடு என்றார்கள். விளம்பரம் செய்தவர் வரவே இல்லை.

காட்டு ஆறு என்று அவர்கள் கூட்டிப்போனது ஜோசினி அணைக்குக் கீழே ஓடும் பொங்கோலா ஆற்றின் கரை. இதில் ரகசியம் எதுவும் இல்லை. மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன, பெண்கள் துணி துவைக்கிறார்கள், பையன்கள் சைக்கிளில் வந்து கைத்தூண்டில் போடுகிறார்கள். கரையில் பெரிய அத்தி மரங்கள் இருந்தன, அதற்காக அதைக் காடு என்று சொல்ல முடியாது. முந்தைய நாட்களில் நல்ல மழை. தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் ஓடியது. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை.

டைகர் மீன் கண்ணால் பார்த்து இரையைத் துரத்தி அடிக்கும் மீன். ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய இறகும் ரோமமும்தான், அதில் வாசனை கிடையாது. கலங்கிய தண்ணீரில் அது மீன் கண்ணில் படவே படாது. டைகருக்கு வெயில் காலம் நல்லதுதான், ஆனால் இந்த குவாசூலு நட்டால் மாகாணத்தில் மழையும் அதே மாதங்களில்தான் கொட்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எந்த வாரம் எந்த ஆறு கலங்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஜனவரியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அப்புறம் அந்த ராட். மச்சான் கையில் வாங்கியதுமே முகம் மாறினார். கைப்பிடிக்கு மேலே 5 என்று எழுதியிருந்தது. அது ட்ரவுட் மாதிரி மென்மையான மீனுக்கான ராட். டைகருக்கு 8 அல்லது 9ஆம் எண் வேண்டும். ஃப்ளை ஃபிஷிங்கில் இரைக்கு எடை கிடையாது, வீசும் எடை முழுக்க அந்தத் தடித்த தூண்டில் நரம்பில்தான் இருக்கிறது. அதனால் நரம்பு நன்றாக இருந்தால்தான் எதுவும் நடக்கும். இவர்கள் கொடுத்ததை விரலில் உருவிப் பார்த்தேன். மேல் பூச்சு முழுக்க வெடிப்பு, உள்நூல் தெரிந்தது. ரீலில் சுருண்டு கிடந்த வாக்கிலேயே ஸ்பிரிங் மாதிரி வந்தது. முள்ளில் துரு. முள்ளுக்கு முன்னால் இருந்தது வெறும் நைலான். டைகர் மீனுக்குக் கம்பி கட்டாமல் முள் போடுவதில் அர்த்தமே இல்லை, அதன் பல் நைலானை நொடியில் வெட்டிவிடும். "கம்பி எங்கே?" என்று மச்சான் கேட்டார். அந்த இளைஞருக்கு அவர் எதைக் கேட்கிறார் என்பதே புரியவில்லை.

கரையிலிருந்து வீச இடமில்லை, பின்னால் முள் மரங்கள். "இடுப்பளவு தண்ணீர்தான், இறங்கி நின்று வீசுங்கள்" என்றார் கைடு. மச்சான் ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பவானியிலும் காவிரியிலும் இறங்கிப் பழகியவர், அவருக்குத் தயக்கம் இல்லை. அப்போது எதிர்க்கரையில் மாடு மேய்த்த ஒரு பெரியவர் கைத்தடியை உயர்த்தி "இங்வென்யா! இங்வென்யா!" என்று கத்தினார். ஜூலு மொழியில் முதலை. அவர் காட்டிய இடத்தைப் பார்த்தோம். எங்களிடமிருந்து நாலு ஆள் நீள தூரத்தில், சேற்றில் ஒரு ஆள் அகலத்துக்கு வழவழப்பாக ஒரு தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இரு பக்கமும் நகம் பதிந்த குழிகள், நடுவில் வால் இழுத்த கோடு. ஓரச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது.

பொங்கோலா ஆற்றிலும் ஜோசினி அணையிலும் முதலையும் நீர்யானையும் இருப்பது அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வட்டாரத்தில் மெதுவாக ஓடும் நீரில் நத்தை மூலம் பரவும் பில்ஹார்சியா நோயும் உண்டு. விருந்தாளியைத் தண்ணீரில் இறங்கச் சொல்லுமுன் இவற்றைச் சொல்வதுதான் கைடின் முதல் வேலை. "உங்களிடம் கைடு அட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை பாபா, காலையில்தான் கூப்பிட்டார்கள்" என்றார். அவர் பக்கத்து ஊர்க்காரர், நாள் கூலிக்கு வந்தவர். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அன்று அவருக்கு 300 ரேண்ட் பேசியிருக்கிறார்கள். எங்கள் பணத்தில் மீதி எங்கே போனது என்று நினைத்தபோதுதான் கொதித்தது.

நாங்கள் மறுத்ததும், போனில் பேசி, அணைக்குப் படகில் போகலாம் என்று மாற்றினார்கள். ஜோசினி அணை லெபொம்போ மலையை ஒட்டிக் கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பு. டைகர் மீன் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்குக் கடைசி இந்த ஆற்று வட்டாரம்தான். நல்ல இடம், அதை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் அங்கே எங்கள் கையில் கொடுத்தது சாதாரண ஸ்பின்னிங் ராடும் ஒரு டப்பா மத்தித் துண்டும். இரை போட்டுப் படகில் உட்கார்ந்திருப்பதற்கு ஃப்ளை ஃபிஷிங் விலை! படகில் எங்கள் எண்ணிக்கைக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை, இருந்ததில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. ஓட்டியவரிடம் படகோட்டிச் சான்றிதழ் கேட்டேன், பதில் வரவில்லை. கரையோரமாகவே சுற்றச் சொல்லிவிட்டு, வெயில் இறங்குமுன் திரும்பிவிட்டோம். உரிமம் எடுப்பதாகச் சொன்னார்களே, அதுவும் இல்லை. இந்த மாகாணத்தில் நன்னீரில் தூண்டில் போட, மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ கொடுக்கும் உரிமம் வேண்டும், பாதுகாவலர்கள் வந்து கேட்டிருந்தால் மாட்டுவது நாங்கள்தான்.

தங்குமிடம், சாப்பாடு பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஓட்டைக் கூடாரம், ஆறிப்போன பாப் (மக்காச்சோளக் களி). மறுநாள் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டோம்.

திரும்பி வந்த பிறகு, டர்பனில் பல வருடமாகப் பதிவு பெற்ற கைடாக இருக்கும் ஒருவரிடம் நண்பர் மூலம் பேசினேன். விளம்பரப் படத்தை அனுப்பியதுமே சொன்னார்: அது கோலியாத் டைகர் மீன், வேறு இனம், 50 கிலோ வரை போகும். காங்கோ ஆற்றுப் படுகையிலும் டாங்கன்யிகா ஏரியிலும் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் எந்த ஆற்றிலும் இல்லை. ஜோசினிப் பக்கம் ஒன்றிரண்டு கிலோ மீன்தான் வழக்கம், ஐந்து கிலோ வந்தால் வாழ்நாள் பேச்சு. ஆக, விற்ற படமே வேறு நாட்டுடையது.

மச்சான் ஊருக்குத் திரும்புமுன் அவருக்கு ஒரு நல்ல நாளாவது காட்டிவிட வேண்டும் என்று, அந்த கைடிடமே உம்கோமாஸ் ஆற்றில் யெல்லோஃபிஷுக்கு ஒரு நாள் கேட்டேன். குவாசூலு நட்டாலில் மட்டும் வாழும் இனம் அது, இங்கே ஸ்கேலி என்பார்கள். நம் ஊர்க் கெண்டைக்கும் மாசீருக்கும் சொந்தக்கார மீன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "ஆறு இப்போது சேறாக ஓடுகிறது அண்ணா. மழை நின்று தண்ணீர் இறங்கட்டும், நானே கூப்பிடுகிறேன். உங்கள் மச்சானுக்கு அடுத்த தடவை ஆகஸ்ட், செப்டம்பரில் டிக்கெட் போடச் சொல்லுங்கள்" என்றார். எந்த ஆறு, எந்தப் பகுதி, யார் நிலம் வழியாகப் போகிறோம், அவர் அனுமதி இருக்கிறதா, தண்ணீர் கலங்கினால் வேறு நாளா பணமா, எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். இதைப் பார்த்த பிறகுதான் ரகசிய இடம் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்று எனக்கு முழுதாக உறைத்தது. நல்ல கைடும் தன் குறிப்பிட்ட மடுவை ஊருக்குச் சொல்ல மாட்டார். ஆனால் பணம் கட்டுகிறவரிடம் ஆற்றின் பெயரை மறைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது சட்டம். 2014ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி இந்த நாட்டில் கூலி வாங்கிக்கொண்டு வழிகாட்டும் எவரும் பதிவு செய்திருக்க வேண்டும், அட்டையும் பேட்ஜும் வைத்திருக்க வேண்டும். பதிவு மூன்று வருடத்துக்குத்தான், ஆகவே அட்டையில் உள்ள தேதியையும் பாருங்கள். கிளம்புமுன் அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், வரப்போகிற அதே ஆளின் அட்டையை. படகு உண்டென்றால் ஓட்டுபவரின் சான்றிதழையும் படகின் பாதுகாப்புச் சான்றிதழையும் கேளுங்கள். அணையிலும் ஏரியிலும்கூட சாம்சா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பின் விதிகள் செல்லும்.

பணம் திரும்பாது என்ற வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 41 பொய்யான விளம்பரத்தைத் தடுக்கிறது. பிரிவு 54 தரமான சேவை கிடைக்காவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. தங்கள் பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனைகளை முன்கூட்டியே நம் கண்ணில் படும்படி காட்டியிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 49. பணம் வாங்கிய பிறகு பொடி எழுத்தில் அனுப்புவது அதில் சேராது.

20,000 ரேண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீல் வேண்டாம், வைக்கவும் முடியாது, நாமே நின்று பேச வேண்டும். முதலில் 14 நாள் கெடு வைத்து எழுத்தில் பணம் கேட்க வேண்டும். நான் அந்தக் கடிதத்தை அனுப்பினேன், துரு முள்ளின் படம், கலங்கிய ஆற்றின் படம், "கண்ணாடி மாதிரி" என்ற அவர் செய்தி, மூன்றையும் சேர்த்து. அதுவரை போனே எடுக்காதவர், கெடு முடியுமுன் பாதிப் பணத்தை அனுப்பி, "இத்தோடு முடித்துக்கொள்ளலாம், குழுவில் எழுத வேண்டாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மீதிக்கு வழக்கு போட்டிருக்கிறேன்.

இதே படத்தைக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், வங்கிப் பதிவை எடுத்து வையுங்கள். அவரவர் வழக்கை அவரவர்தான் போட வேண்டும், ஆனால் கடிதம் எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், நான் அனுப்பியதன் நகலைத் தருகிறேன். இன்னும் பணம் கட்டாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு ஆற்றின் பெயரையும் கைடின் அட்டையையும் கேளுங்கள்.