பிப்ரவரி 14 பொக்கே வாங்கப் போகிறீர்களா? வலையைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டுக்குக் காதலர் தினத்தன்று போன பொக்கே இது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் பார்த்துக் கொடுத்த ஆர்டர். மொத்தம் 30 ரோஜா: 26 சிவப்பு, 4 நீலம். விலை 1,800 ரூபாய். அதில் 1,000 ரூபாய் முன்பணமாக ஜிபேயில் போய்விட்டது. காலை 7 மணிக்குத் தருகிறேன் என்றவர்கள் 11.30-க்குக் கொண்டுவந்தார்கள். சாயந்தரம் 4 மணிக்கெல்லாம் முன்வரிசைப் பூக்கள் கழுத்து ஒடிந்து தொங்கிவிட்டன. பரிசாகப் பெற்ற பெண்ணின் உள்ளங்கையிலும் வெள்ளைத் துப்பட்டாவிலும் நீலச்சாயம். கடைக்குப் போன் போட்டால், "வெயிலுக்குப் பூ வாடத்தான் செய்யும் தம்பி" என்று பதில்.

அந்தப் பதில் பொய். ஒழுங்காக வெட்டி, ஒழுங்காகத் தண்ணீர் குடித்த ஓசூர் ரோஜா, நம்மூர் மாசி வெயிலிலும் வீட்டுக்குள் நாலைந்து நாள் நிற்கும். நாலரை மணி நேரத்தில் தலை தொங்கினால், அது வெயில் செய்த வேலை இல்லை; பூ கடையை விட்டுக் கிளம்பும் முன்பே செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய பேப்பர் விரித்து அந்தப் பொக்கேயை ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை அப்படியே எழுதுகிறோம். இதே வேலையை நாகர்கோவிலிலும் தக்கலையிலும் குளச்சலிலும் வருஷா வருஷம் செய்கிறார்கள்.

26 சிவப்பு ரோஜாவில் சொந்தக் காம்போடு இருந்தவை 19 மட்டுமே. மற்ற 7 பூவும் தலை மட்டும். அடியில் ஈர்க்கில் (தென்னை ஈர்க்குச்சி) குத்தி, பச்சை டேப் சுற்றியிருந்தார்கள். லாரியிலிருந்து இறக்கும்போது காம்பு ஒடிந்த பூக்களை வீசியெறிய மனம் வராமல் செய்கிற வேலை. ஈர்க்கில் தண்ணீரை மேலே ஏற்றாது. அந்தப் பூ உங்கள் கைக்கு வரும்போதே அதற்கு ஆயுள் சில மணி நேரம்தான். பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும்: ரோஜாக்காம்பு பூவுக்கு அடியிலிருந்து ஒரே கனத்தில் இறங்கும், டேப் சுற்றிய இடத்தில் பிசுபிசுப்பும் ஒரு முடிச்சும் விரலில் தட்டும்.

அடுத்தது மொட்டு வலை. ஓசூர்ப் பண்ணைகளில் செடியில் இருக்கும்போதே மொட்டுக்கு ஒரு மெல்லிய வலை மாட்டுவார்கள். மொட்டு விரியாமல் பெரிதாக வேண்டும், பயணத்தில் இதழ் அடிபடக் கூடாது என்பதற்காகத்தான் அது. அதில் தப்பே இல்லை. ஆனால் விற்கும்போதும் வலையைக் கழற்ற விடாத கடையில் உஷாராக இருங்கள். இந்தப் பொக்கேயில் வலையை எடுத்ததும் ஆறு பூவில் இதழ் தானாகவே உதிர்ந்தது. நாலு பூவில் வெளி இதழ்களை எல்லாம் உரித்துவிட்டு உள் மொட்டை மட்டும் வலையில் நிறுத்தியிருந்தார்கள். வெளி இதழை ஏன் உரிக்கிறார்கள்? குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்த பூவில் நீர் வேர்த்து நின்றால் சாம்பல் பூஞ்சை வரும். இதழில் முதலில் சின்னப் பழுப்புப் புள்ளி, பிறகு ஈரமாக அழுகும். அந்த இதழை உரித்துவிட்டால் ஒரு நாளைக்குப் புதுப்பூ மாதிரி இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: ஒன்றிரண்டு வெளி இதழ் பச்சை கலந்து, கொஞ்சம் கோணலாக இருப்பது ரோஜாவுக்கு இயல்பு. அது இருந்தால் பூ உரிக்கப்படவில்லை என்று அர்த்தம். அழகாக இல்லையே என்று அந்தப் பூவை ஒதுக்கிவிட்டு, மொழுமொழுவென்று இருப்பதை எடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வலையைக் கழற்றியபின் மூன்று இடம் பார்த்தால் போதும். மொட்டின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் லேசாக அமுக்குங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, பஞ்சு மாதிரி அமுங்கினால் பழசு. பூவுக்கு அடியில் ஐந்து பச்சைப் புல்லி இதழ் இருக்கும். அவை மொட்டை அணைத்தோ கிடைமட்டமாகவோ நின்றால் நல்லது, காய்ந்து கீழே சுருண்டிருந்தால் பூ ரொம்ப நாள் உட்கார்ந்திருக்கிறது. கடைசியாகக் காம்பின் வெட்டுமுனை: பச்சையும் வெள்ளையுமாக இருக்க வேண்டும். கறுத்து, வழவழவென்று, நாற்றம் அடித்தால் காம்புக்குள் தண்ணீர் ஏறும் குழாயைப் பாக்டீரியா அடைத்துவிட்டது. அப்புறம் எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் மேலே ஏறாது, கழுத்துதான் முதலில் ஒடியும். காம்பில் ஒரு இலைகூட இல்லாமல் மழித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். மஞ்சளாகிப்போன இலையை மறைக்கத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்வார்கள்.

நீல ரோஜாவுக்கு வருவோம். ரோஜாவில் நீல நிறமி இயற்கையிலேயே கிடையாது. கடையில் 'இம்போர்ட்டட்' என்று சொல்லித் தனி விலை வாங்கும் நீலம், கறுப்பு, வானவில் ரோஜா எல்லாம் சாதா ரோஜாவுக்கு ஏற்றிய சாயம். காம்பைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி ஏற்றினால் இதழின் நரம்புகள் கூடுதல் கறுப்பாகத் தெரியும், வெட்டுமுனையும் நீலமாக இருக்கும், கையில் பெரிதாக ஒட்டாது. ஸ்ப்ரே அடித்த பூவோ ஈரம் பட்டதும் கசியும். ஒரு டிஷ்யூவை நனைத்து இதழில் ஒற்றிப் பாருங்கள், பத்து வினாடியில் தெரிந்துவிடும். சாயம் ஏற்றுவது குற்றமில்லை. சாயம் என்று சொல்லாமல் வெளிநாட்டுப் பூ என்று விற்பதுதான் மோசடி. இந்தப் பொக்கேயின் நாலு நீலப் பூவுக்கு மட்டும் 400 ரூபாய் போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் விட மோசம் அடியில் இருந்த பச்சை ஃபோம். கத்தியால் பிளந்தால் ஓரம் ஈரம், நடுவில் பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தது. ஃபோமை வாளித் தண்ணீரில் மெதுவாக மிதக்க விட வேண்டும்; அது தானாகக் குடித்துத் தானாக அமிழும், ஒன்றிரண்டு நிமிஷம் போதும். அவசரத்தில் கையால் அழுத்தி முக்கினால் சுற்றிலும் நனைந்து, நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் குத்திய காம்புக்கு ஒரு சொட்டு கிடைக்காது. ஒரு பக்கப் பூ மட்டும் வாடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். போன கல்யாணத்தில் பயன்படுத்தி உலர்ந்த ஃபோம் மறுபடி தண்ணீரே இழுக்காது, அதையும் வைக்கிறார்கள். பொக்கேயைக் கையில் எடுத்ததும் அடியை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் கசிய வேண்டும், கனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் பிப்ரவரியில் ஏன் கூடுகிறது என்றால், நம் மாவட்டத்தில் அந்த நாட்களில் மூன்று பக்கமிருந்தும் பூவுக்கு இழுபறி. தை முகூர்த்தம் முடிகிற நேரம். கிறிஸ்தவர்கள் தவக்காலத்துக்குள் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், அது தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்னால் சர்ச் கல்யாணங்கள் நெருக்கியடிக்கும். 2026-ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. மேடை அலங்காரக்காரர்களும் காதலர்களும் ஒரே லாரிப் பூவுக்கு நின்ற வாரம் அது. 2024-ல் திருநீற்றுப் புதனே 14-ஆம் தேதிதான். இதற்கு மேல் பிப்ரவரி 7 'ரோஸ் டே'. அன்றைக்கு இறக்கி விற்காமல் மிஞ்சிய பூ ஃபிரிட்ஜில் இருந்து 14-ஆம் தேதி வெளியே வரும். ஓசூரிலோ, டிசம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்து நாற்பத்தைந்து நாள் கணக்கு வைத்துப் பூவை இந்த வாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நீளக் காம்பு முதல் தரம் ஏற்றுமதிக்கும் பெருநகரத்துக்கும் போய்விடும். 600 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி நமக்கு வருவது பெரும்பாலும் அதற்கு அடுத்த தரம். அதில் குறையில்லை, விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் சொல்வது: கட்டி முடித்த பொக்கேயை வாங்காதீர்கள். கட்டாக வாங்குங்கள். ஓசூர் ரோஜா ஒரு கட்டுக்கு 20 பூ, அட்டை சுற்றி வரும். 12-ஆம் தேதியோ 13 காலையோ வாங்கினால் விலையும் கொஞ்சம் இறங்கும், ஆற அமரப் பார்த்தும் எடுக்கலாம். அட்டையைப் பிரித்து உள்வரிசையைக் காட்டச் சொல்லுங்கள். ஒடிந்ததும் குட்டைக் காம்பும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். விலை பேசும்போது காம்பு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். 40-க்கும் 60-க்கும் ஒரே விலை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, காம்பை வாளித் தண்ணீருக்குள் வைத்தே 2 முதல் 3 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுவது. வெளியில் வெட்டினால் குழாய்க்குள் காற்றுக்குமிழி ஏறும். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், கூரான கத்தி நல்லது. தண்ணீருக்குள் மூழ்குகிற இலையை எல்லாம் எடுத்துவிடுங்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள். தோல் கிழிந்த இடத்தில் அழுகல் ஆரம்பிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. தினமும் தண்ணீரை மாற்றி, முனையையும் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்க நிழலில், ஃபேன் காற்று படாத இடத்தில் நிற்கட்டும். நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: மட்டிக்குலையோ செவ்வாழைச் சீப்போ தொங்குகிற அறையில் ரோஜாவை வைத்துவிடுவார்கள். பழுக்கிற வாழை விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரச் செய்து உதிர்த்துவிடும். பூ வேறு அறையில் இருக்கட்டும்.

காலையில் எல்லாக் காம்பையும் ஒரே பக்கம் சாய்த்துச் சாய்த்துச் சுழலாக அடுக்கி, கை பிடிக்கிற இடத்தில் கட்டி, அடியைச் சமமாக வெட்டுங்கள். இடையில் ஜிப்சிப் பூ கொஞ்சம் போதும். கடைக்காரர்கள் ரோஜா எண்ணிக்கையைக் குறைக்கவே ஜிப்சியை நிறைய அடைப்பார்கள். வெட்டுமுனையில் நனைத்த பஞ்சு சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். பைக்கில் கொண்டுபோவதாக இருந்தால் பூவுக்கு மேலே பேப்பர் கூம்பு கட்டாயம். ஆரல்வாய்மொழிக் காற்றில் மூடாமல் கொண்டுபோனால் நாகர்கோவில் சேர்வதற்குள் இதழ் ஓரம் காய்ந்துவிடும்.

ரோஜாதான் வேண்டும் என்று இல்லாதவர்கள் விடியற்காலை தோவாளைப் பூச்சந்தைக்குப் போங்கள். பிச்சியும் மல்லிகையும் பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்து விலை ஏறித்தான் இருக்கும். என்றாலும் கண் முன்னால் நிறுத்து வாங்கலாம். எடை ஏறுவதற்காகத் தண்ணீர் தெளித்த பூவை மட்டும் வாங்காதீர்கள், கவருக்குள் புழுங்கி மதியத்துக்குள் பழுத்துவிடும். கைப்பிடி பூவை எடுத்து மூடி விரித்தால் உள்ளங்கை நனையக் கூடாது. பன்னீர் ரோஜாவைப் பொக்கேயில் வைத்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசம் அருமை, மாலைக்கு உகந்தது. ஆனால் காம்பில் நிற்காது, சாயந்தரம் இதழ் கொட்டும்.

காசு விஷயம். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஸ்டேட்டஸ் படத்தை நம்பாமல், எத்தனை பூ, என்ன நிறம், எத்தனை மணி, வாடியிருந்தால் என்ன செய்வார்கள் என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து ரகசிய 'பின்' (PIN) நம்பர் போடச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். நமக்குப் பணம் வர 'பின்' (PIN) நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். தரமில்லாத பொருள் என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். படம், மெசேஜ், பணம் போன ரசீது மூன்றும் இருந்தால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

பொக்கேயோடு சேர்த்து விற்கும் பலூனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே பறக்கும் பலூன் எல்லாம் ஹீலியம் இல்லை. விலை மலிவு என்று ஹைட்ரஜன் அடைத்துத் தருகிறவர்கள் உண்டு. அது தீப்பிடிக்கும். அறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறீர்கள் என்றால் பறக்கும் பலூனே வேண்டாம்.

மார்த்தாண்டம் பொக்கேயின் 19 காம்புப் பூவையும் தண்ணீருக்குள் மறுபடி வெட்டி, பேப்பரில் நிமிர்த்திச் சுற்றி, ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் முழுசாகப் படுக்க வைத்தோம். மறுநாள் காலை 11 பூ தலை நிமிர்ந்தது. கடைக்காரர் மீதி 800 ரூபாயை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிரித்த பூக்களின் படம் அவருக்குப் போயிருக்கிறது, 1915-இல் புகாரும் பதிவாகிவிட்டது.