டிபிஎஃப் வண்டிக்கு டீசல் அடிட்டிவ்: ஊற்றிப் பார்த்தேன்

என் வண்டி 2021 பிஎஸ் 6 டீசல். தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஊர்ந்தே போவதால் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைக்கிறது என்று காட்டும் விளக்கு அடிக்கடி எரிந்தது, சரி என்று ஒரு பாட்டில் அடிட்டிவ் வாங்கி டேங்கில் ஊற்றி, மேலே டீசல் நிரப்பினேன். ஃபில்டரில் படிந்த கரி தானாக எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், இரும்போ சீரியம் என்ற உலோகமோ கலந்த அடிட்டிவ் அதை 450 பக்கம் இறக்கிவிடும், அவ்வளவுதான். நெரிசலில் ஊர்ந்தால் அந்தச் சூடுகூட வராது, அதனால் அங்கேயே ஓட்டிய வரை விளக்கு அணையவில்லை. ஞாயிறு காலை ஈசிஆரில் மாமல்லபுரம் கிளம்பி, முட்டுக்காடு பாலம் தாண்டியதும்தான் அணைந்தது. அப்புறம், கரி எரிந்த பிறகும் ஃபில்டரில் தங்கிய சாம்பலை எந்த அடிட்டிவும் கரைக்காது, அதிலுள்ள உலோகமே கொஞ்சம் சாம்பலாகச் சேரும். அதனால் ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்றாதீர்கள், முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.