ஐயர்மானா, எஃப்எஸ்-லைனா? பழைய ஜெர்மன் மேசை நாற்காலிகள் ஓர் ஒப்பீடு

ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஏகோன் ஐயர்மான் 1950-இல் வடிவமைத்த எஸ்இ 68 நாற்காலியில் கண்ணுக்கு மறைந்த பாகம் என்று எதுவுமில்லை. வளைத்த எஃகுக் குழாய், அச்சில் அழுத்தி வளைத்த பிளைவுட் இருக்கை, தனியாக ஒரு முதுகுப் பலகை, அவ்வளவுதான். போரில் நொறுங்கிய ஜெர்மனி, குறைந்த பொருளைக் கொண்டு பள்ளிகளையும் அலுவலகங்களையும் மீண்டும் நிரப்ப வேண்டியிருந்த காலம் அது. எஸ்லிங்கன் நகரின் வில்டே உண்ட் ஷ்பீட் நிறுவனம் இதைத் தயாரித்தது. இதே குடும்பத்தின் சுழல் நாற்காலிதான் எஸ்இ 40.

1980-இல் வில்கான் நிறுவனம் வெளியிட்ட எஃப்எஸ்-லைன் வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது. ஒரு நாற்காலிக்கு எவ்வளவு பொருள் போதும் என்று பார்த்தவர் ஐயர்மான். உட்கார்ந்திருப்பவர் அசையும்போது நாற்காலி என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தவர்கள் கிளாவுஸ் ஃபிராங்க், வெர்னர் சாவர் இருவரும். அவர்களுடைய விடை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இருக்கையும் முதுகும் வளைந்துகொடுக்கும் ஒரே பிளாஸ்டிக் ஓடு; அதன் இருபுறமும் அதைத் தாங்கியபடி அசையும் கரங்கள். பின்னால் சாய்ந்தால் முதுகுப் பகுதி அதிகமாகவும் இருக்கை கொஞ்சமாகவும் சேர்ந்தே சாய்கின்றன. இடுப்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் தானாக விரிகிறது. அதற்காக எந்த நெம்புகோலையும் தேட வேண்டியதில்லை.

படங்களில் எளிமையின் அடையாளமாக முன்னிற்பது ஐயர்மான் நாற்காலிதான். ஆனால் செயற்பாட்டு வடிவமைப்பு, அதாவது பயனை முன்னிறுத்தும் வடிவமைப்பு, என்ற பெயருக்கு எஃப்எஸ்-லைனே கூடுதல் தகுதி உடையது என்பேன். நாள் முழுவதும் மேசையில் வேலை செய்பவருக்கு அசைவுதான் தேவை. சாய்ந்து கொடுக்காத பிளைவுட் இருக்கை, எவ்வளவு நேர்த்தியாக வளைக்கப்பட்டிருந்தாலும், சில மணி நேரத்தில் தொடையை அழுத்தத் தொடங்கிவிடும். கடிதம் எழுதவும் சாப்பாட்டு மேசைக்கும் அது அருமையான நாற்காலி.

வயதாகும் விதத்தில் கதை தலைகீழாகிறது. எஃப்எஸ்-லைனின் நுரை பொடியாகும், துணி தேயும், ஓடு வளையும் இடங்களில் விரிசல் விடலாம். ஐயர்மான் நாற்காலியில் பிளைவுட்டின் விளிம்பு பிரிவதையும் குரோம் பூச்சில் புள்ளி விழுவதையும் கவனித்தால் போதும். நல்ல தச்சர் ஒருவர் பிரிந்த அடுக்கை ஒட்டிக் கொடுத்துவிடுவார். விரிசல் விட்ட ஓட்டுக்கு அப்படி ஒரு கைமருந்து கிடையாது. ஆகவே எஃப்எஸ்-லைனை உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, இரு கரங்களும் ஒன்றுபோல நகர்கின்றனவா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. துணி கிழிந்திருந்தால் விலை பேசலாம். ஓடு உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாகப் பலர் கேட்பது, தோனெட் நிறுவனத்தின் எஸ் 64. மார்செல் பிராயரின் 1928-ஆம் ஆண்டு வடிவம். பின்கால்கள் இல்லாமல் வளைத்த எஃகுக் குழாயின் விறைப்பிலேயே நிற்கும் பிரம்பு நாற்காலி. அழகில் இதுவே முதலிடம். ஆனால் சுழலாது, உயரமும் மாறாது. மேசை வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சக்கரங்களையும் பாருங்கள். கடினமானவை கம்பளத்துக்கு, மென்மையானவை ஓடு பதித்த தரைக்கு. நான்கு கால் அடித்தளம் கொண்ட பழைய சுழல் நாற்காலியில் ஓரமாகச் சாய்ந்தால் கவிழும் அபாயம் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஐந்து கால் உள்ளதே நல்லது.