200 மில்லிமீற்றர் கைச் சீலர்: மாவுக்குப் போதும், கருவாட்டுக்குப் போதாது

அரிசி இடிக்க மில் இருக்கிறது, மிளகாய் வறுக்க அடுப்பு இருக்கிறது. வீட்டில் செய்ததைக் கடைக்குக் கொடுக்க நினைக்கும் பெண்ணுக்கு இடறுவது பையின் வாயை மூடும் இடத்தில்தான். மெழுகுதிரியில் காட்டி ஒட்டினால் கரி படியும், ஓரம் சுருளும். ஸ்டேப்ளர் கம்பி அடித்த உணவுப் பைக்கற்றைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் கேள்வி வரும். அந்தக் குறைக்குத்தான் இந்தக் கைச் சீலர், பையின் வாயைச் சூட்டால் உருக்கி ஒட்டும் சிறு மெசின். பெயரோடு வரும் 200 என்பது ஒட்டும் கம்பியின் நீளம். பல பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே அமைப்பு.

கரண்ட் பாய்ந்தால் சூடேறும் தட்டையான நிக்ரோம் கம்பி ஒன்று, அதன் மேல் பொலித்தீன் ஒட்டிக்கொள்ளாத பழுப்பு நிற டெஃப்லோன் துணி, பிடியின் அடியில் றப்பர் பட்டி. பிடியை அழுத்தியதும் சிறு சுவிட்ச் தட்டுப்பட்டு, ஓரிரு விநாடி மட்டும் கரண்ட் பாயும். லைற் அணைந்த கையோடு பிடியைத் தூக்குவதுதான் எல்லாரும் விடும் பிழை. உருகிய பொலித்தீன் அழுத்தத்தில் இருந்தபடியே இறுக வேண்டும். அணைந்த பிறகும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தூக்குங்கள். சூட்டோடு தூக்கினால் ஒட்டு நூலாக இழுபட்டு, கடைத் தட்டில் வைத்த பிறகு பிரியும்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் டயலில் எந்த எண் என்று கேட்பவர்களுக்கு ஒரே விடை கிடையாது. மென்மையான பொலித்தீன் ஏறக்குறைய 110 பாகையில் உருகும், சரசரக்கும் பளபளப்பான பொலிப்புரொப்பிலீன் பைக்கு 160 பாகை வரை வேண்டும். புதுப் பை வந்தால் குறைந்த எண்ணில் தொடங்கி, வெறும் பையை ஒட்டி, இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்தால் எண்ணைக் கூட்டுங்கள். ஒட்டின் ஓரத்தில் பை அறுந்தால் சூடு கூடிவிட்டது. இருபது முப்பது பைக்குப் பிறகு மெசினே சூடேறிவிடும், அப்போது எண்ணைக் கொஞ்சம் இறக்க வேண்டும். காலையில் சரியாக ஒட்டியது மத்தியானம் ஏன் ஓட்டை விழுகிறது என்பதற்கு இதுதான் காரணம், மெசின் பழுதல்ல.

ஒட்டாமல் போகும் பைகளில் பெரும்பாலானவை மாவால் கெடுகின்றன. வாயின் உட்புறம் மா படிந்திருந்தால் இரண்டு படையும் ஒன்றையொன்று தொடாது. பார்வைக்கு ஒட்டியது போலவே இருக்கும். தண்ணீர்ப் போத்தலின் மேல்பாகத்தை வெட்டிப் புனலாக்கி, அதன் கழுத்து பையின் நடுவரை இறங்கும்படி பிடித்துக் கொட்டினால் வாய் சுத்தமாக இருக்கும். மேலே இரண்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள். லேபலை வெறும் பையிலேயே ஒட்டிவிட வேண்டும், நிறைந்த பையில் ஒட்டினால் சுருங்கும். பெயர், தேறிய நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தி, காலாவதித் திகதிகள், விலை, முகவரி எல்லாம் அதில் வர வேண்டும். தராசைப் பற்றியும் ஒரு சொல்: சமையலறைத் தராசு செய்முறைக்கு மட்டும்தான். விற்பனைக்கு நிறுப்பதற்கு அளவீட்டுத் திணைக்களம் முத்திரையிட்ட தராசு தேவை.

வறுத்த மாவை முழுவதும் ஆறவிடாமல் கட்டினால் பையின் உள்ளே வியர்த்து, கட்டி பிடித்து, பூஞ்சணம் வரும். வாடைக்காற்று மாதங்களில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, மா ஆறும்போதே ஈரம் இழுத்துக்கொள்கிறது. அகலத் தட்டில் விரித்துப் பரவி, கை வைத்தால் சூடு தெரியாத கணத்திலேயே கட்டிவிட வேண்டும், இரவு முழுக்க விடக்கூடாது.

கடற்கரை ஊரில் இதன் பலவீனம் இரும்புப் பாகங்கள். நிக்ரோம் கம்பி துருப்பிடிக்காது. அதை இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் ஸ்குரூவும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஸ்பிரிங் இறுகிப்போனால் சூட்டில் நீளும் கம்பி நடுவில் தொய்ந்து, அந்த இடம் கருகும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டு விறாந்தையில் வைப்பவர்கள் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் மூடி வைத்தால் நல்லது. மேல் துணி கருகியதும் எல்லாரும் மாற்றுகிறார்கள். கம்பியின் அடியில் இன்னொரு ஒட்டுப்பட்டி இருப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. அது எரிந்து கம்பி இரும்பு உடலைத் தொட்டால் ஷோர்ட் ஆகும் ஆபத்து உண்டு. மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 300 வாற் மெசின், ஒரு பைக்கு ஒன்றேகால் விநாடி என்று வைத்தால் ஆயிரம் பைக்கு 0.1 அலகு.

இனி, எதற்கு உதவாது. கருவாட்டின் முள் பையைக் குத்தும். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பஸ்ஸில் சாக்கில் வரும்போது முதலில் கிழிவது அதுதான். தடித்த பை போட்டால் இந்த 2 மில்லிமீற்றர் அகல ஒட்டு பிடிக்காது. 5 மில்லிமீற்றர் அகலக் கம்பியுள்ள மெசின் வேண்டும், அல்லது அரை அங்குலம் தள்ளி இரண்டு வரி ஒட்ட வேண்டும். ஊறுகாய்க்கு வேண்டவே வேண்டாம், எண்ணெய் வாயில் படும். பக்கவாட்டில் மடிப்புள்ள பைகளில் மடிப்பு நாலு படையாகும் இடத்தில் ஓட்டை விடும். அங்கே இரண்டு தரம் அழுத்துங்கள். முறுக்கு காரல் அடிக்காமல் இருக்கச் சாதாரண பொலித்தீன் போதாது, அது காற்றை மெல்ல உள்ளே விடும். மெல்லிய பை மலிவென்று வாங்காதீர்கள்: 20 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இருபது பங்கு) தடிப்பும் அதற்குக் குறைந்ததும் இலங்கையில் 2017 செப்டெம்பர் முதல் தடை. வீட்டுப் பாவனை வக்யூம் சீலரை மாவுக்கு வாங்கி ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள், அது காற்றோடு மாவையும் உறிஞ்சும்.

ஒரு கிலோ மாப் பை 8 அங்குல அகலமென்றால் 200 மெசினில் ஓரம் தப்பும், 300 எடுக்க வேண்டும். அரைக் கிலோவுக்குக் கீழே விற்பவர்களுக்கு 200 தாராளம். மூன்று பெண்கள் சேர்ந்து செய்யும் குழுவில் ஒருவர் கொட்ட, ஒருவர் நிறுக்க, ஒருவர் ஒட்டினால், காத்திருப்பது எப்போதும் ஒட்டுபவர்தான். ஆகவே இரண்டாவது மெசினுக்குக் காசு போடுமுன் இரண்டாவது தராசு வாங்குங்கள்.

வாங்கும் கடையிலேயே பெட்டியைப் பிரித்து மேலதிகக் கம்பி ஒன்று, துணி ஒன்று இருக்கிறதா, பிளக் வீட்டுச் சொக்கற்றுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பிறகு ஒரு பையைக் காற்றோடு ஒட்டி, தண்ணீர் வாளியில் அமுக்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேறொன்று எடுங்கள்.