பள்ளி நூலகருக்கு பி.லிப். படிப்பு எவ்வளவு உதவுகிறது?

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டே தொலைநிலையில் பி.லிப்., அதாவது நூலக அறிவியல் இளநிலைப் பட்டம், முடித்தேன். சில வருஷம் ஆகிவிட்டது. அதனால் எந்தப் பாடம் வேலைக்கு ஆகிறது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

எல்லோரும் பயப்படுகிற பகுப்புச் செய்முறைதான், அதாவது பொருள் பார்த்துப் புத்தகத்துக்கு எண் போடுவதுதான், எனக்குத் தினமும் உதவுகிறது. அந்த எண்களைத் தரும் டியூயி தசமப் பகுப்பு அச்சில் நான்கு தடித்த தொகுதிகள். கடைசித் தொகுதியில் சொல்லடைவு. அதில் கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடாமல், மற்றத் தொகுதிகளில் உள்ள எண் அட்டவணையில் சரிபார்க்கும் பழக்கம் வந்தால் போதும். ஆனால் தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811. எங்கள் பீரோவில் பாதி அதற்குள் போய்விடுகிறது! கவிதைக்கு 894.8111, கதைக்கு 894.8113 என்று பிரித்தாலும், ஆறாம் வகுப்புக்கு எது, பிளஸ் டூவுக்கு எது என்று எண் சொல்லாது. அதற்குப் புத்தக முதுகில் கலர் ஸ்டிக்கர்தான்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்ற இன்னொரு முறை படிக்க ருசியானது. இலக்கியத்துக்கு மொழி, வடிவம், அப்புறம் ஆசிரியர் பிறந்த ஆண்டு. பாரதியார் 1882இல் பிறந்தவர்; அவர் கவிதைக்கு ஓ31,1எம்82 (ஓ இலக்கியம், 31 தமிழ், 1 கவிதை, எம்82 என்றால் 1882). அழ. வள்ளியப்பா 1922, ஆகவே ஓ31,1என்22 (என் என்றால் 1900கள்). ஆனால் இப்போது வருகிற சிறுவர் நூல் பலவற்றில் ஆசிரியர் பிறந்த ஆண்டே இருப்பதில்லை. தேடித்தேடியே பொழுது போய்விடும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொன்னவரும் இதே ரங்கநாதன்தான்! என்னைக் கேட்டால் தேர்வுக்குக் கோலன், பீரோவுக்கு டியூயி.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் தேர்வோடு சரி. அது பொது நூலகங்களுக்கானது. பள்ளியில் ஆக்சஷன் ரெஜிஸ்டரை (வாங்கிய புத்தகங்களை வரிசையாக எழுதும் பதிவேடு) ஒழுங்காக எழுதத் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். ஆடிட் வரும்போது புரியும்.

பெரிய குறை, பிள்ளைகள் எப்படிப் புத்தகம் எடுக்கிறார்கள் என்பதற்கு என் பாடத்திட்டத்தில் ஒரு தாள்கூட இல்லை. மதுரை நத்தம் சாலையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, அங்கே குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்து கவனித்தேன். சின்னப் பிள்ளைகள் முதுகெழுத்தைப் படிப்பதே இல்லை, அட்டையைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள். எங்கள் பள்ளியிலும் ஒரு பெஞ்சில் அட்டை தெரிய வைத்தேன். அங்கிருந்துதான் அதிகம் எடுக்கிறார்கள்.

படிப்பில் சேருகிறவர்களுக்கு ஒன்று: பாடப் புத்தகம் தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம், எனக்குத் தேர்வு நெருங்கித்தான் வந்தது. டியூயி தொகுதிகளைச் சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகாது. பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள், உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். போகும்போது உங்கள் பள்ளிப் பீரோவிலிருந்து பத்துப் புத்தகத்தை எடுத்துப்போய் அதற்கே எண் போட்டுப் பழகுங்கள்.