சூரிய ஆலையா, நீலகிரிச் சோலையா: கடலோரத்துக்கு எந்த நீர்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களின் குடிநீர்க் குழாயில் வருவது காவிரி. திருச்சிக்குப் பக்கத்தில் ஆற்றுப்படுகையில் எடுத்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள். அந்தக் காவிரியில் நீலகிரிக்கும் பங்கு உண்டு. அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா பக்கத்து நீர் குந்தா ஆறாகவும் மோயாறாகவும் இறங்கிப் பவானியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. ஆகவே கடலோரத்தில் சூரிய மின்சாரத்தை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்ற பேச்சு வரும்போது, மலையில் இருக்கிற நாமும் அதைக் கவனித்தே ஆக வேண்டும். கடலிலிருந்து எடுப்பதா, மலையிலிருந்து வரவழைப்பதா? சுற்றுச்சூழலுக்கு எது குறைவாகக் கெடுதல் செய்யும்?

முதலில் மின்சாரம். கடல்நீரை அழுத்தத்தில் நுண்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. ஆலையில் 1,000 லிட்டர் குடிநீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் செலவாகும். நிலக்கரி அதிகமாக உள்ள நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதாவது 1,000 லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ. அதே ஆலை சூரியத் தகடுகளில் ஓடினால், தகடு தயாரிக்கும்போது வெளியேறுவதையும் சேர்த்தால்கூட, கால் கிலோவைத் தாண்டாது. இது பெரிய லாபம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் சூரியன் இரவில் இல்லை. சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலையைப் போல தினம் 10 கோடி லிட்டர் தரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் யூனிட் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அதைத் தர 80 மெகாவாட் தகடுகளும், அவற்றுக்குச் சுமார் 300 ஏக்கர் நிலமும் தேவை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கரில் இருப்பதை வைத்து இந்தக் கணக்கைப் போடலாம். நிலம் கிடைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்.ஓ. சவ்வுகள் நிற்காமல் ஓடினால்தான் நன்றாக உழைக்கும். அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் படிவு பிடித்துச் சீக்கிரம் கெடும். அதனால் பகலில் சூரியன், இரவில் மின்கட்டமைப்பு என்றுதான் நடைமுறை அமையும்.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்க இன்று பெரிய அளவில் நம்பப்படும் வழிகளில் ஒன்று நீரேற்று மின்திட்டம். பகலில் கீழ் அணையிலிருந்து நீரை மேல் அணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். அதற்கு உயரம் வேண்டும், அணைகள் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? இங்கேதான். போர்த்திமந்து மேல் அணை, அவலாஞ்சி–எமரால்டு கீழ் அணை என்று வைத்து, 500 மெகாவாட்டில் குந்தா நீரேற்று மின்திட்டம் எடுக்கப்பட்டது. அது ஏற்கனவே இருக்கிற அணைகளைப் பயன்படுத்துவது. அடுத்து 1,000 மெகாவாட்டில் திட்டமிடப்பட்ட சில்லஹல்லாவோ புதிய அணைகளைக் கேட்கிறது. தேயிலையும் மலைக்காய்கறியும் விளையும் பள்ளத்தாக்கு அது. ஊர் மக்கள் எதிர்த்துப் போராடியதற்குக் காரணம் இருக்கிறது. சரி, ஒரு குடிநீர் ஆலைக்கு வேண்டியது 15 மெகாவாட்தான். அது மட்டும் சில்லஹல்லாவை வரவழைத்துவிடாது. ஆனால் நெம்மேலிக்குப் பக்கத்தில் பேரூரில் தினம் 40 கோடி லிட்டருக்கு ஆலை கட்டப்படுகிறது. இப்படிப் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றும் இரவிலும் சூரிய மின்சாரத்தில்தான் ஓட வேண்டும் என்றால், அந்தச் சுமையின் ஒரு பங்கை இந்த மலைதான் சுமக்கும். ஏற்றி இறக்குவதில் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகவும் போகும்.

எனக்குப் பிடித்த மாற்று எளிமையானது: மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரைச் சேமிப்பது. ஆலையைப் பகலில் மட்டும் ஓட்டி, குடிநீரைப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, இரவில் விநியோகிக்கலாம். அதே அளவு நீருக்கு மூன்று மடங்கு சவ்வுகள் வேண்டும், முதலீடு கூடும், சவ்வுகளைத் தினமும் நல்ல நீரால் கழுவிவைக்க வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் அந்தச் செலவு ஆலையின் கணக்கில் வெளிப்படையாகத் தெரியும். ஒரு பள்ளத்தாக்கின் தலையில் விழாது.

சவ்வே வேண்டாம், வெயிலிலேயே காய்ச்சி வடிக்கலாம் என்பவர்களும் உண்டு. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872-லேயே கண்ணாடிக் கூரையின் கீழ் உவர்நீரை ஆவியாக்கிக் குடிநீர் எடுத்தார்கள். ஆனால் ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 3, 4 லிட்டர்தான் கிடைக்கும். 10 கோடி லிட்டருக்கு 25 சதுர கிலோமீட்டர், அதாவது 6,000 ஏக்கருக்கு மேல் மூட வேண்டும். ஒரு தீவுக் குடியிருப்புக்கு, ஒரு மீனவக் குப்பத்துக்குச் சரி, நகரத்துக்கு ஆகாது. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் கடலின் மேல்மட்ட வெப்பத்தையும் ஆழத்துக் குளிரையும் வைத்து தினம் ஒரு லட்சம் லிட்டர் எடுக்கிறார்கள். அதற்குக் கரைக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல் வேண்டும். பாக் நீரிணையில் அது இல்லை.

இப்போது உப்பு. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் இது மாறாது. மேலே சொன்ன ஆலை தினம் 24 கோடி லிட்டர் கடல்நீரை இழுத்து, 10 கோடியைக் குடிநீராக்கி, 14 கோடியைத் திருப்பி அனுப்பும். லிட்டருக்கு 35 கிராம் உப்போடு வந்த நீர் 60 கிராமோடு போகும். உலகம் முழுவதும் தினம் 9.5 கோடி கன மீட்டர் நன்னீர் எடுக்க 14.2 கோடி கன மீட்டர் உப்புக் கழிவு வெளியேறுவதாக 2019-இல் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. இந்தக் கழிவு கடல்நீரைவிட கனமானது; கீழே இறங்கித் தரையோடு பரவும். கடல்புல் இருப்பதும் அங்கேதான். அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறோம். ஆழமில்லாத, அலை குறைந்த கடல். உப்பு கரைந்து விலக நேரமாகும். கழிவை உப்பளத்துக்கு அனுப்பலாமே என்பார்கள். சிறிய ஆலைக்கு அது நல்ல யோசனை. பெரிய ஆலையில் தினம் 8,000 டன்னுக்கு மேல் உப்பு சேரும். அதற்கு உப்பளம் ஈடுகொடுக்காது. இன்னொன்று, நீரை இழுக்கும் வாயில் மீன்முட்டைகளும் குஞ்சுகளும் சேர்ந்தே போகும். கடற்கரை மணலுக்குள் கிணறு வெட்டி, மணல் வடிகட்டிய நீரை எடுத்தால் இந்தச் சேதம் பெருமளவு குறையும்.

மலையின் பக்கம் வருவோம். இங்கே உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டாம், உப்புக் கழிவு இல்லை, ஆற்றுப்படுகை வரை நீர் தானாக இறங்குகிறது. ஆனால் மலையையும் நாம் அப்படியே விட்டுவைக்கவில்லை. புல்வெளிகளில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) நட்டோம். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது, மற்றதில் கற்பூரம் நட்டது. முதல் பத்தாண்டில் மரங்கள் நின்ற பக்கம் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். ஓடை மெலிந்துபோகும் நாட்களின் ஓட்டமோ முதல் சுற்றில் பாதியானது, இரண்டாம் சுற்றில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நமக்குத் தண்ணீர் முக்கியமாகத் தேவைப்படும் நாட்களும் அவைதானே.

சோலை என்ற மலையின் இயற்கைக் காட்டையும் புல்லையும் மீட்டால் அந்த நீர் திரும்பும். ஆனால் சீகையை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கும் விதை வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும், பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் எந்தச் சோலையும் நீரை உண்டாக்காது; கடல் அப்படிப் பொய்க்காது. மேலும், அவலாஞ்சியில் கூடும் நீர் ராமநாதபுரம் போய்ச் சேருவதற்கு உத்தரவாதம் இல்லை. வழியில் பில்லூரில் கோவையின் குடிநீர், பவானிசாகரில் கீழ்பவானிப் பாசனத்தின் 2.07 லட்சம் ஏக்கர், அப்புறம் காளிங்கராயன் வாய்க்கால் என்று எல்லாம் காத்திருக்கின்றன.

அதனால் இதில் ஒன்றை வைத்து மற்றதை மறுக்க நான் தயாராக இல்லை. கடலோர நகரங்கள் கடல்நீரைக் குடிக்கத் தொடங்குவது மலைக்கும் நல்லது. காவிரியை அவ்வளவு தூரம் இழுக்கும் தேவை குறையும். ஆனால் எங்கே, எப்படி என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. திறந்த, ஆழமான கடல் உள்ள கரையில், பகலில் ஓடி நீரைத் தொட்டியில் சேமிக்கிற ஆர்.ஓ. ஆலை, பல துளைக் குழாய்களால் கழிவைப் பரப்பி விடுவதாக இருந்தால், அதை ஆதரிப்பேன். பாக் விரிகுடாவில் பெரிய ஆலை வேண்டாம். அங்கே சிறிய ஆலைகள், கழிவு உப்பளத்துக்கு. ஆலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி அவலாஞ்சிக்கும் மேல்பவானிக்கும் மேலே சீகை பிடுங்கும் கூலியாக வர வேண்டும், அதுவும் ஒரு வருடத்தோடு நிற்காமல். சூரிய ஆலை என்று அறிவிக்கிறவர்கள், இரவு மின்சாரம் எந்த அணையிலிருந்து வரும் என்பதையும் அதே திட்ட அறிக்கையில் எழுதட்டும்.