ஒரு டன் ஸ்டீயரிங் கிட்: பிக்கப்பில் மாட்டுமுன் பார்க்க வேண்டியவை

முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் தாங்கும் ஒரே அச்சு) உள்ள பிக்கப்பில் 35 அங்குல டயர் ஏறினால் ஸ்டீயரிங் இணைப்புதான் முதலில் திணறும். இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் வளையும், அதன் முனை மூட்டுகளான எண்டுகளில் ஆட்டம் வரும். இதற்கு மாற்றாக, ‘ஒரு டன்’ எனப்படும் கனரக பிக்கப் வகையின் பாக அளவில் விற்கப்படும் கிட்டில் வழக்கமாக இருப்பவை இவை: 1.5 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட டிஓஎம் குழாய் (உள்ளச்சின் மேல் இழுத்துச் செய்த எஃகுக் குழாய்) 2, வெல்டு செய்து பொருத்தும் மரை இன்சர்ட் 4, ஜிஎம் ஒரு டன் வண்டி அளவில் 7/8-18 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை) போட்ட டை ராட் எண்ட் 4, லாக் நட் 4. இன்சர்ட், எண்ட், நட் மூன்றிலுமே பாதி இடது மரை, பாதி வலது மரை. ஓட்டையைக் கூம்பாகச் சீவும் ரீமர் எல்லாக் கிட்டிலும் வராது. வராவிட்டால் அதன் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

குழாயைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1.25 அங்குல கெட்டிக் கம்பியோடு ஒப்பிட்டால் இந்தக் குழாயின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு, வளைவைத் தாங்கும் விறைப்போ ஏறத்தாழ 1.66 மடங்கு. பாறையில் இடிபடும் டை ராடுக்கு இது பெரிய ஆதாயம். ஆனால் குழாயின் தடிமனை மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் பிறகு ஏமாறுகிறார்கள். கிட்டின் உண்மையான மதிப்பு, டை ராட் எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

2003-ல் வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 நான்கு சக்கர இயக்க வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இணைப்பு தலைகீழ் Y வடிவம். ஸ்டீயரிங் கியர்பாக்ஸின் கையான பிட்மேன் ஆர்மிலிருந்து வரும் டிராக் லிங்க் என்ற கம்பி, எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளுக்குப் போகும், டை ராட் அந்த டிராக் லிங்கின் நடுவில் தொங்கும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டிராக் லிங்கின் சாய்வு மாறும், அதோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும். லிஃப்ட் போட்டு உயர்த்திய வண்டியில் டயரின் ஓரம் சீக்கிரம் தேய இதுவும் ஒரு காரணம். நக்கிளுக்கு நக்கிள் நேராக ஓடும் டை ராட் இந்தக் கோளாறை அடியோடு தீர்க்கிறது. பின்னாளில் அந்தத் தொழிற்சாலையே இந்த அமைப்புக்கு மாறியது. ஆகவே பழைய Y வடிவத்தையே தடித்த குழாயில் செய்து தரும் கிட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பிரித்தெடுக்கும்போது பிட்மேன் ஆர்மைச் சுத்தியலால் தட்டாதீர்கள். அந்த அடி செக்டார் ஷாஃப்ட் வழியே கியர்பாக்ஸுக்குள் இறங்கும். அதற்குப் புல்லர்தான். டை ராட் எண்டுக்கு நக்கிள் காதின் பக்கவாட்டில் நல்ல எடையுள்ள சுத்தியலால் இரண்டு அடி கொடுத்தாலே டேப்பர் (கூம்புப் பிடி) விட்டுவிடும்.

வேலையிலேயே மிக நுட்பமான கட்டம் ரீமர் பிடிப்பதுதான். ஒரு டன் எண்டின் டேப்பர், ஓர் அடி நீளத்துக்கு 1.5 அங்குலம். ட்ரில்லை மெதுவாகச் சுழலவிட்டு, கட்டிங் ஆயிலைத் தாராளமாக ஊற்றி, கொஞ்சம் சீவியதும் நிறுத்தி எண்டை வைத்துப் பாருங்கள். எண்டின் கூம்பில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, ஓட்டைக்குள் அழுத்தி, லேசாகத் திருப்பி எடுத்தால், ஓட்டையின் சுவரில் மேலிருந்து கீழ்வரை நீலம் சீராகப் படிந்திருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் படிந்தால் ரீமர் சாய்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் எண்ட் ஓட்டைக்குள் ஆடி ஆடி அதை முட்டை வடிவமாக்கிவிடும். அதிகமாகச் சீவிவிட்டால் எண்ட் ஓட்டைக்குள் அதிகம் இறங்கி, காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி) துளை காசில் நட்டின் வெட்டுகளைத் தாண்டிப் போய்விடும். அடியில் வாஷர் வைத்துச் சமாளிப்பது இந்த இடத்தில் ஆபத்து.

குழாயை வெட்டும் முன் வண்டி தன் முழு எடையில் நிற்க வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். எண்டின் மரை பாதி அளவு உள்ளே இருக்கும்படி நீளத்தைக் கணக்கிடுங்கள். கடைசி அலைன்மென்டுக்குப் பிறகும் மரை விட்டத்தின் அளவாவது, அதாவது 22 மி.மீ., உள்ளே பிடித்திருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. இன்சர்ட்டை வெல்டு செய்யும்போது சூட்டில் மரை சுருங்கும் என்பதால், ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவிய பழைய போல்ட் ஒன்றை உள்ளே திருகிவைத்து வெல்டு செய்து, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொடுப்பதுதான் சரி. இந்த வெல்டு விட்டால் வண்டி யார் கையிலும் நிற்காது.

டோ சரிசெய்யும்போது அவசரம் வேண்டாம். இரு முனைகளிலும் எதிரெதிர் மரை இருப்பதால் குழாயின் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 2.8 மி.மீ. மாறும். ஸ்டீயரிங் ஆர்மைவிட டயர் பல மடங்கு பெரியது என்பதால், கால் சுற்றுக்கே டோவில் 3 முதல் 4 மி.மீ. வித்தியாசம் தெரியும். மொத்த டோ-இன் 1.5 முதல் 3 மி.மீ. போதும். லாக் நட்டை இறுக்குமுன் குழாயை உருட்டிப் பார்த்து, இரு எண்டுகளும் தம் அசைவின் நடுவில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். ஒரு எண்ட் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் லாக் நட்டைத் தளர்த்தப் பார்க்கும்.

டை ராட் எண்டுக்குப் பதில் ஹைம் ஜாயின்ட் (திறந்த உருண்டை மூட்டு) போட்ட வகையும் விற்பனையில் உண்டு. அதிகக் கோணம் தரும், மாற்றுவதும் எளிது. ஆனால் தூசி மூடி கிடையாது, மணலும் சேறும் நேரே உள்ளே போகும், கொஞ்ச நாளில் டக் டக் என்று சத்தம் வரும். நக்கிளின் டேப்பரை நேர் ஓட்டையாகத் துளைத்த பிறகு, ஸ்லீவ் செருகாமல் பழைய எண்டுக்குத் திரும்பவும் முடியாது. தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு டை ராட் எண்ட் வகையே நல்லது.

நெடுஞ்சாலையில் முன்சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் உதறும் நோய்க்கு இந்தக் கிட்டை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்டு ராடின் புஷ்ஷும் அதன் போல்ட் ஓட்டையும். இன்னொன்று, டிராக் லிங்கும் பனார்டு ராடும் ஒரே சாய்வில், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். டிராக் லிங்கை மட்டும் உயர்த்திவிட்டு பனார்டு ராடைப் பழைய இடத்திலேயே விட்டால், ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

மாட்டி முடித்ததும் இருபுறமும் முழுத் திருப்பத்தில் வைத்து, சஸ்பென்ஷனைத் தொங்கவிட்டும் அமுக்கியும் குழாய் டிஃப்பரன்ஷியல் மூடியிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று பாருங்கள். காட்டர் பின் துளை பொருந்தாவிட்டால் காசில் நட்டை இன்னும் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தி அல்ல. முதல் 100 கி.மீ. ஓடியதும் லாக் நட்டுகள் நான்கையும் ஸ்பேனர் போட்டு ஒருமுறை சரிபார்த்து, நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட் தளர்ந்தால் அந்தக் கோடு பார்த்ததும் காட்டிக்கொடுக்கும்.